ஜவ்வு அறுவைக்கு ரோபோ தேவையா? வியாசர்பாடியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் தம்முடைய தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 22 வயது. கால்பந்து ஆடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. அன்று மாலைக்குள் முட்டி வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவை ஜவ்வு முழுமையாகக் கிழிந்திருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையில், ரோபோ உதவியோடு அறுவை செய்தால் துல்லியமாக இருக்கும், சீக்கிரமே மைதானத்துக்குத் திரும்பலாம் என்றார்களாம். இன்னோர் இடத்தில், சிறு துவாரம் வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் வழக்கமான ஆர்த்ராஸ்கோப்பியே போதும் என்றார்களாம். இரண்டுக்கும் இடையிலுள்ள கட்டண வித்தியாசத்தை வீட்டு நகையை அடகு வைத்துத்தான் புரட்ட வேண்டும்; அது தகுமா என்பதே கேள்வி.

வட சென்னையில் எலும்பு மூட்டு மருத்துவனாக இருந்து இந்த அறுவைகளைச் செய்து வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோபோ என்ற ஒரு காரணத்துக்காக நகையை அடகு வைக்க வேண்டாம். ரோபோ தீங்கானது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. ஜவ்வு அறுவையில் ரோபோவால் மேம்படுத்தக்கூடிய பகுதி சிறியது. உங்கள் தம்பியின் முட்டி நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்தப் பகுதிக்கு வெளியேதான் தீர்மானமாகிறது. அது எப்படி என்பதை விளக்கினால்தான் நீங்கள் மருத்துவரிடம் தெளிவாகக் கேள்வி கேட்க முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாலையோரப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் 'ரோபோட்டிக் முட்டி அறுவை' என்று வருவது பெரும்பாலும் முழங்கால் மூட்டு மாற்று அறுவையைக் குறிப்பதாகும். மாகோ, ரோசா, கோரி, வேலிஸ் போன்ற கருவிகள் எல்லாம் தேய்ந்துபோன மூட்டின் எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் சீவி, உலோக மூட்டைப் பொருத்துவதற்காக உருவானவை. அவை அறுபது வயதைத் தாண்டிய உங்கள் பாட்டிக்குப் பயன்படலாம். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாகப் புதிய நாரைப் பொருத்தும் அறுவை வேறு வேலை. அதேபோல, 2022-இல் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலுள்ள பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் தொடங்கப்பட்ட ரோபோ அறுவை வசதி, வயிறு, சிறுநீர்ப் பாதை போன்ற மென்மையான உறுப்புகளுக்கானது. ஆகவே 'ரோபோ இருக்கிறது' என்று ஒரு மருத்துவமனை சொன்னால், அந்தக் கருவி ஜவ்வு அறுவையில் என்ன வேலையைச் செய்கிறது என்று கேட்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சில இடங்களில் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலே வராது.

இனி அறுவைக்கு வருவோம். முழுமையாகக் கிழிந்த ஏ.சி.எல்.-ஐத் தைத்து ஒட்டவைப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை என்பதால், நோயாளியின் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறோம். தொடையின் பின்புறத்து ஹாம்ஸ்ட்ரிங் நாண், முட்டிச் சிப்பிக்குக் கீழுள்ள நாண், தொடையின் முன்தசை நாண் ஆகியவற்றுள் ஒன்றை எடுப்பது வழக்கம். நம் நாட்டில் கணுக்காலருகே ஓடும் பெரோனியஸ் நாணையும் பலர் எடுக்கிறார்கள். எடுத்த நாணை மடித்து, நூலால் பின்னி, ஏறத்தாழ எட்டு முதல் ஒன்பது மில்லிமீட்டர் பருமனுள்ள கிராஃப்டாக்கி, கிருமி தொற்றாமலிருக்க வாங்கோமைசின் மருந்தில் நனைத்த துணியில் சுற்றி வைப்போம். பிறகு தொடை எலும்பில் ஒன்றும் கீழ்க்கால் எலும்பில் ஒன்றுமாக இரண்டு துளைகள் இட்டு, அவற்றின் வழியே அந்த நாணை இழுத்து, எண்டோபட்டன் எனப்படும் சிறு உலோகப் பொத்தானாலும் ஸ்க்ரூவாலும் இறுக்குகிறோம்.

இந்தத் துளைகளில்தான் ரோபோவின் கதை தொடங்குகிறது. தொடை எலும்புத் துளையை இடும் நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முட்டியை ஏறக்குறைய 120 பாகைக்கு மடக்கி உதவியாளர் பிடித்திருப்பார். ஒரு சிறு துவாரத்தின் வழியே கேமராவும், மற்றொன்றின் வழியே கூர்முனைக் கருவியும் உள்ளே இருக்கும். தொடை எலும்பின் வெளிப்பக்கக் குமிழின் உட்சுவரில் பழைய ஜவ்வின் நைந்த நார்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை மெல்லச் சுரண்டினால் அடியில் எலும்பின் சிறு வரப்பு ஒன்று தென்படும். அந்த வரப்புக்குப் பின்னால் ஒரு புள்ளியைக் குத்தி அடையாளமிட்டு, கேமராவை மறுபக்கத் துவாரத்துக்கு மாற்றி நேருக்கு நேர் பார்த்து, சரி என்று தோன்றிய பிறகே வழிகாட்டிக் கம்பியை ஏற்றுவோம். அந்தப் புள்ளி சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப்போனால், கதவின் கீல் இடம் மாறிப் பொருந்தியதுபோல, முட்டியை மடக்கும்போது நாண் விறைத்து இழுபடும், நீட்டும்போது தொய்யும். நாளடைவில் தளர்ந்தோ அறுந்தோ போகும். மறு அறுவைக்கு வரும் முட்டிகளில், துளை தவறான இடத்தில் அமைந்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணங்களுள் ஒன்று. ஆகவே, துளையைத் துல்லியமாக இட ஓர் இயந்திரம் உதவினால் நல்லதுதானே என்ற எண்ணம் நியாயமானதே.

அந்த எண்ணம் புதிதும் அன்று. 1992-இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் ரோபோடாக் என்ற கருவி இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்பட்டது. அதே பத்தாண்டின் இறுதியில் ஜெர்மனியில் காஸ்பர் என்ற ரோபோ ஏ.சி.எல். துளைகளையே இடத் தொடங்கியது. அறுவைக்கு முன் தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் அடையாளப் பின்களைப் பதித்து, சி.டி. ஸ்கேன் எடுத்து, கணினியில் திட்டமிட்டு, பிறகு காலை அசையாதபடி சட்டத்தில் பூட்டிவைத்தால், ரோபோ தானே துளையிடும். துளை திட்டமிட்ட இடத்தில் விழுந்தது உண்மை. ஆனால் அதற்காக நோயாளி கூடுதல் பின்களையும், கூடுதல் கதிர்வீச்சையும், நீண்ட அறுவை நேரத்தையும் ஏற்க வேண்டியிருந்தது. முட்டியின் செயல்பாட்டில் அந்த விலைக்கு ஈடான முன்னேற்றம் காட்டப்படவில்லை. சில ஆண்டுகளில் அந்தக் கருவி புழக்கத்திலிருந்து போய்விட்டது.

ரோபோ கை இல்லாமல், கணினித் திரையில் வழி மட்டும் காட்டும் 'நேவிகேஷன்' முறையும் 1990-களின் நடுவிலிருந்து உண்டு. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுரை, வழக்கமான முறையோடு ஒப்பிடும்போது நோயாளிக்குப் பொருட்படுத்தத் தக்க கூடுதல் நன்மை இருப்பதற்குச் சான்றில்லை என்றும், அறுவை நேரம் மட்டும் கூடுகிறது என்றும் முடிவு செய்தது. இப்போது சீனாவில் சில மருத்துவமனைகள் எலும்பு அறுவைக்கான ரோபோ கையை ஏ.சி.எல். துளைக்கும் பயன்படுத்திப் பார்க்கின்றன. எலும்பில் பதித்த அடையாளக் கருவிகளைக் கேமரா கண்காணிக்க, ரோபோ கை வழிகாட்டிக் குழாயைத் திட்டமிட்ட கோணத்தில் அசையாமல் பிடித்துக்கொள்ள, அறுவை மருத்துவர் தம் கையாலேயே கம்பியை ஏற்றுகிறார். காஸ்பர் காலத்தைவிட இது இலகுவானது, பாதுகாப்பானது. ஆயினும் துளை எங்கே விழுந்தது என்பதில் துல்லியம் கூடுகிறது என்று காட்டுவது ஒன்று. ஐந்தாண்டுக்குப் பிறகு அந்த முட்டி உறுதியாக இருக்கிறது என்று காட்டுவது வேறொன்று. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடும் ஒரு செய்தி இருக்கிறது. துளை எங்கே இருக்க வேண்டும் என்ற கருத்தே கடந்த முப்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 1990-களில் வலது முட்டியைக் கடிகாரமாக எண்ணிக்கொண்டு 11 மணி நிலையில் துளையிடுவது சரி என்றிருந்தோம். பிறகு அந்த இடத்தில் பொருத்திய நாண், கீழ்க்கால் முன்னோக்கி நகர்வதைத் தடுத்தாலும் சுழல்வதைப் போதுமான அளவு தடுப்பதில்லை என்று தெரிந்தது. 10 மணி நிலைக்கு இறங்கினோம். அண்மைக் காலத்தில் பழைய ஜவ்வு ஒட்டியிருந்த பரப்புக்குள்ளேயே எந்தப் பகுதி சிறந்தது என்ற விவாதம் நடக்கிறது. 1995-இல் அரை மில்லிமீட்டர் பிசகாத ரோபோ ஒன்று நம்மிடம் இருந்திருந்தால், அது அன்றைய கருத்துப்படி 11 மணி நிலையில் மிகத் துல்லியமாகத் துளையிட்டிருக்கும். எங்கே துளைப்பது என்பதை முடிவு செய்வது அறுவை செய்பவரின் அறிவு. அந்த முடிவை நிறைவேற்றுவதுதான் கருவியின் வேலை.

இங்கே ரோபோவுக்குச் சேர வேண்டிய பெருமையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மேற்சொன்ன மாற்றத்தைக் கொண்டுவந்ததில் ரோபோவுக்குப் பெரும் பங்குண்டு. அறுவை அரங்கில் அல்ல, ஆய்வுக்கூடத்தில். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சாவியோ வூ என்ற அறிவியலாளரின் குழு, 1990-களின் தொடக்கத்தில் தொழிற்சாலை ரோபோ போன்ற ஒரு கையில், தானமாகக் கிடைத்த உடலின் முட்டியைப் பொருத்தி, ஆறு திசை அசைவுகளிலும் விசையை அளந்தது. ஜவ்வு இருக்கும்போது முட்டி எந்தப் பாதையில் அசைந்ததோ, அதே பாதையை, ஜவ்வை வெட்டிய பிறகும், புதிய நாணைப் பொருத்திய பிறகும் ரோபோ திரும்பத் திரும்பப் பிசகாமல் நடத்திக் காட்டும். மனிதக் கையால் அது இயலாது. 10 மணி நிலை சுழற்சியை மேலாகத் தாங்குகிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு அந்த ஆய்வுக்கூடத்தினுடையதுதான். தண்டையார்பேட்டையில் ரோபோவே இல்லாத ஓர் அரங்கில் இன்று நடக்கும் ஜவ்வு அறுவையிலும் அந்த ரோபோ கற்றுக்கொடுத்த பாடம் இருக்கிறது. அதற்கு நோயாளி தனிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

துளை சரியாகவே அமைந்தாலும் நாண் ஏன் அறுகிறது? உங்கள் தம்பியைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. 25 வயதுக்குட்பட்டவராக இருந்து விளையாட்டுக்குத் திரும்புவோரில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மறுபடியும் ஏ.சி.எல். கிழிகிறது என்று 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அது சொன்ன விகிதம் 23 சதவீதம். அறுவை செய்த முட்டியோடு, அதுவரை நன்றாக இருந்த மறு முட்டியில் கிழிந்ததும் இந்தக் கணக்கில் சேரும். கத்தியே படாத அந்த மறு முட்டியை எந்த ரோபோவாலும் காக்க இயலாது என்பதை யோசித்துப் பாருங்கள். தொடைத்தசையின் பலம், குதித்து இறங்கும் முறை, திரும்பும்போது முட்டி உட்பக்கம் சரிகிறதா என்பது, எத்தனை மாதம் பொறுத்தார் என்பது ஆகியவை இரண்டு முட்டிகளையும் ஒருசேரக் காக்கின்றன.

அறுவையிலேயே கூட, ரோபோ இல்லாமல் பலன் தரும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. 14 முதல் 25 வயது வரையிலான 618 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் நாணால் ஏ.சி.எல். பொருத்தியதோடு, தொடையின் வெளிப்புறத்திலுள்ள பட்டையிலிருந்து ஒரு சிறு கீற்றை எடுத்து முட்டியின் வெளிப்பக்கத்தில் இறுக்கியவர்களுக்கு, இரண்டாண்டில் நாண் அறுந்த விகிதம் 11 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. அதற்குத் தேவை ஒரு சிறு கீறலும், சில நிமிட நேரமும், ஒரு ஸ்க்ரூவோ ஸ்டேப்பிளோதான். எல்லோருக்கும் இது வேண்டியதில்லை; ஆனால் இளம் வயது, திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டு, முட்டியில் சுழல் தளர்ச்சி அதிகம் என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது, ரோபோவைப் பற்றிக் கேட்பதைவிட மேலானது. கூடவே மெனிஸ்கஸ் எனப்படும், மூட்டெலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு மெத்தை கிழிந்திருந்தால் அதைத் தைப்பீர்களா, நறுக்கி எடுப்பீர்களா என்றும் கேளுங்கள். இயன்றவரை தைத்துக் காப்பதே பிற்காலத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும்.

பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், பிசியோதெரபிக்கு என்பேன். நம் பகுதியில் நான் காணும் நிலைமை இது: அறுவைக்கு எப்படியோ கடனை உடனை வாங்கிப் புரட்டிவிடுவார்கள், தையல் பிரித்ததோடு பிசியோதெரபி நின்றுபோகும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் ஆட்டோ செலவு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குபவருக்கும், துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவருக்கும் இது சின்ன விஷயம் அன்று. ஆகவே அறுவைக்கு முன்பே மொத்தச் செலவைக் கணக்கிடும்போது, பிசியோதெரபிக்கும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். ரோபோவுக்கென்று கேட்கும் கூடுதல் தொகையை இந்த இரண்டுக்கும் திருப்பிவிடலாம்.

முதல் இரண்டு வாரங்களில் முக்கியமான வேலை முட்டியை முழுக்க நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, முட்டிக்கு அடியில் எதுவும் இல்லாமல், அது தானாகத் தாழும்படி படுத்திருக்க வேண்டும். தொடையின் முன்தசையை இறுக்கிப் பத்து வினாடி பிடிக்க வேண்டும். வீட்டில் பாசம் மிகுந்தவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். வலிக்கு அது இதமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். குப்புறப் படுத்து இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், இரண்டு குதிகால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நோயாளிகளிடம் சொல்வதுண்டு. ஒன்று உயர்ந்திருந்தால் உடனே பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மேல்மாடியில் இருப்பவர்கள் ஊன்றுகோலோடு படியேறிப் பழகிவிட்டே வீடு திரும்ப வேண்டும். கழிவறை குந்தும் வகையாக இருந்தால், மேலே வைக்கும் நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வண்டியைக் கிக்கர் உதைத்துக் கிளப்புவது பல மாதங்களுக்குக் கூடாது.

பிறகு வருவது ஏமாற்றும் காலம். அறுவை முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வலியும் வீக்கமும் வடிந்து, நடை சீராகி, எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறானது. பொருத்திய நாணுக்குள் பழைய உயிரணுக்கள் மடிந்து, புதிய இரத்தக் குழாய்கள் நுழைந்து, அது ஜவ்வாக மாறத் தொடங்கும் அந்தக் காலத்தில்தான் நாண் மிகவும் பலவீனமாக இருக்கிறது. நண்பர்கள் கூப்பிட்டார்கள், சும்மா கோல்கீப்பராக நின்றேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள். 2016-இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு, அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயத்தின் விகிதம் 51 சதவீதம் குறைவதாகக் கண்டது. மாதக்கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடைப் பலம் மறுகாலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக்காலில் தாவும் சோதனைகளிலும் தேற வேண்டும். நாண் ஜவ்வாக மாறும் வேகத்தை ரோபோ கூட்டுவதில்லை. ஆகையால், ரோபோவால் செய்தால் மூன்று மாதத்தில் ஆடலாம் என்று யார் சொன்னாலும் அதை ஏற்காதீர்கள். உடலியல் அதற்கு இடம் தரவில்லை.

உடனே அறுவை தேவையா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. 2010-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில் 121 இளைஞர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனடி அறுவையும், மறு பாதிக்கு முதலில் பயிற்சியும், தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவையும் என்று வைத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் இரண்டாம் பிரிவினரில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை இல்லாமலேயே இருந்தார்கள். முட்டியின் நிலையைப் பற்றி நோயாளிகள் தந்த மதிப்பெண்களில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. மாடிப்படி, வேலை, நேராக ஓடுதல் இவற்றோடு நின்றுகொள்ள விரும்புபவருக்கு இது நல்ல வழி. போட்டிக் கால்பந்துக்குத் திரும்பியே தீர வேண்டும் என்பவருக்கும், நடக்கும்போதே முட்டி நழுவுகிறது என்பவருக்கும் நான் அறுவையையே பரிந்துரைப்பேன். தம்பி எந்த வகை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அண்ணன் முடிவு செய்துவிடக் கூடாது.

எங்கே காட்டுவது என்றால், பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுக்கு எம்.ஆர்.ஐ. படத்தோடு போய் இரண்டாம் கருத்து கேட்கலாம். அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல் படங்கள் அடங்கிய ஃபிலிமையோ சி.டி.யையோ எடுத்துச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் இந்த அறுவைக்கு அனுமதி கிடைக்குமா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள். அறுவை செய்பவர் யாராக இருந்தாலும், இந்த அறுவையைத் தொடர்ந்து செய்பவரா, எந்த நாணை ஏன் எடுக்கப்போகிறார், பிறகு பிசியோதெரபியை யார் மேற்பார்வையிடுவார் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

அவசரம் எப்போது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீங்கி இறுகிய முட்டியில் அவசரப்பட்டு அறுவை செய்தால் பிறகு விறைத்துப்போகும் அபாயம் உண்டு. வீக்கம் வடிந்து, முட்டி முழுக்க நீண்டு, தொடைத்தசை வேலை செய்யத் தொடங்கும் வரை சில வாரம் பயிற்சி செய்துகொண்டு காத்திருப்பது நல்லது. ஆனால் முட்டி ஒரு நிலையில் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கக்கூடும். அந்த நிலையில் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அதைத் தைத்துக் காக்கும் வாய்ப்பு குறைகிறது. தம்பியின் முட்டி அப்படிப் பூட்டிக்கொள்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், ரோபோவா இல்லையா என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு நாளைக் காலையே புறநோயாளிப் பிரிவில் காட்டிவிடுங்கள்.